சீனத்து மன்னர்கள், போர்க்களங்கள், பாட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

சின் பேரரசு நிறுவப்பட்ட கி.மு. 221 முதல் ஹான் பேரரசு முடிவுக்கு வந்த கி.பி. 220 வரையிலான சீன வரலாற்றைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஒட்டிப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் போரையும் பாட்டையும் சேர்த்து வினவியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: தோல்வி உறுதியாகிவிட்ட இரவில் சியாங் யூ தன் காதலியையும் குதிரையையும் எண்ணிப் பாடினார் என்று கட்டுரையில் படித்தேன். நாற்புறமும் பகைவர் சூழ்ந்திருக்க, விரைவிலேயே மாண்டும் போன ஒருவரின் பாட்டைக் கேட்டு எழுதிவைத்தவர் யார்? இது கற்பனையாக இருக்கலாம் அல்லவா?
(வாசகர், நாகர்கோவில்)

இருக்கலாம். இந்த ஐயம் சீன அறிஞர்களுக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்ததுதான். முதலில் நிகழ்ச்சியைச் சொல்லிவிடுவோம். சின் பேரரசு சரிந்த பின் அரியணைக்காக மோதிய இருவரில், சூ நாட்டுப் படைத்தலைவர் மரபில் வந்த சியாங் யூ ஒருவர். சிற்றூர்க் காவல் அலுவலராக இருந்து உயர்ந்து ஹான் தரப்புக்குத் தலைமை தாங்கிய லியூ பாங் மற்றவர். கி.மு. 202-இல் காய்சியா என்னும் இடத்தில் சியாங் யூவின் படை உணவின்றி முற்றுகையில் சிக்கியது. இரவில் பகைவர் பாசறைகளிலிருந்து, நான்கு திசைகளிலும், தம் சொந்த நாடான சூவின் பாட்டுகள் ஒலிப்பதைக் கேட்ட சியாங் யூ, "ஹான் படை சூ நாட்டை முழுவதும் பிடித்துவிட்டதா? இத்தனை சூ மக்கள் அங்கே எப்படி?" என்று திகைத்தார். எழுந்து கூடாரத்தில் மது அருந்தினார். யூ என்னும் காதலி உடனிருந்தாள். ஜுய் என்ற பெயருடைய குதிரை வெளியே நின்றது. அப்போது அவர் பாடியதாகச் சொல்லப்படும் நான்கு அடிகளின் பொருள் இது: மலையைப் பெயர்க்கும் வலிமை எனக்கிருந்தது, உலகை மூடும் வீறு இருந்தது, காலம் கைகொடுக்கவில்லை, ஜுய் நகர மறுக்கிறது, ஜுய் நகராவிட்டால் நான் என்ன செய்வேன், யூ, யூ, உன்னை நான் என்ன செய்வேன்!

இதனை நமக்குத் தருபவர் சீமா சியன். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் தம் வரலாற்று நூலை எழுதி முடித்தவர். சுற்றியிருந்தோர் அனைவரும் அழுதனர், எவராலும் தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்று அவர் எழுதுகிறார். ஆகவே கேட்டவர்கள் இருந்தார்கள். அன்றிரவு முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறிய குதிரைவீரர் மட்டும் 800-க்கு மேல். இறுதியில் அவர்களில் 28 பேரே சியாங் யூவுடன் மிஞ்சினர் என்றாலும், பாசறையில் விடப்பட்டவர், வழியில் பிரிந்தவர், பிடிபட்டவர் என எத்தனையோ வாய்கள் வழியே பாட்டு வந்திருக்க இடமுண்டு. அவ்வழி வந்தது என்பதற்குச் சான்று எதுவுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பண்டைச் சீன வரலாற்று நூல்களில் வீழ்ச்சியடையும் பெருமக்கள் பாடுவது ஒரு மரபு. நிகழ்ச்சியின் உச்சத்தில் ஒரு பாட்டை வைப்பது வரலாற்றாசிரியரின் கலை.

எனவே, பாடினாரா இல்லையா என்று மல்லுக்கட்டுவதைவிட, ஆசிரியர் அந்தப் பாட்டை எங்கே வைத்து, அதன்பின் என்ன சொல்கிறார் என்று பார்ப்பது பயனுள்ளது. பாட்டில் குற்றம் காலத்தின் மீது விழுகிறது. சில பக்கங்களுக்குப் பின், "எட்டு ஆண்டுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட போர்களைக் கண்டேன், தோற்றதில்லை, என்னை அழிப்பது வானமே, என் போர்த்திறனின் குறையன்று" என்று சியாங் யூ தம் 28 வீரர்களிடமும் சொல்கிறார். வூஜியாங் துறையில் படகோடு காத்திருந்த ஊர்த்தலைவர் ஆற்றைக் கடந்து தப்பச் சொன்னபோது, தம்முடன் வந்த 8,000 இளைஞரில் ஒருவர்கூட இல்லாமல் அவர்களின் தந்தையர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மறுத்து, குதிரையை அவரிடமே கொடுத்துவிட்டு, தரையில் நின்று போரிட்டுத் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொள்கிறார். இவ்வளவையும் கண்கலங்க எழுதிய அதே சீமா சியன், அத்தியாயத்தின் முடிவில், தம் தவறுகளை உணராமல் வானத்தைக் குறைசொன்னது அபத்தம் என்று முகத்துக்கு நேரே தீர்ப்பெழுதிவிடுகிறார். பாட்டுக்கு உருகியவர் அதன் வாதத்தை ஏற்கவில்லை. அக்காலத்துப் போர்ப்பாட்டுகளைப் படிக்கும் முறையை அவரே காட்டித் தந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

ஒரு துணைச் செய்தி: யூ வாளால் தன்னை மாய்த்துக்கொண்டதாக நாடக மேடைகளில் காட்டப்படுவது சீமா சியன் நூலில் இல்லை. அவள் சேர்ந்து பாடினாள் என்பதோடு அவளைப் பற்றிய செய்தி முடிந்துவிடுகிறது.

கேள்வி: தோற்றவர் பாடி அழுதது புரிகிறது. வென்று பேரரசரான லியூ பாங்கும் பாடி அழுதார் என்கிறீர்களே, ஏன்?
(வாசகி, கும்பகோணம்)

கி.மு. 195-இல், கிளர்ச்சி செய்த யிங் பு என்னும் சிற்றரசரை முறியடித்துத் திரும்பும் வழியில், லியூ பாங் தம் சொந்த ஊரான பெய்யில் தங்கினார். பழைய நண்பர்களையும் முதியோரையும் இளையோரையும் கூட்டி விருந்து வைத்து, ஊர்ச் சிறுவர் 120 பேரைத் திரட்டிப் பாட்டுக் கற்பித்தார். மது ஏறியபோது, குச்சியால் தட்டி வாசிக்கும் நரம்புக் கருவியைத் தாமே வாசித்துப் பாடினார்: பெருங்காற்று எழுந்தது, மேகங்கள் பறந்தன, கடல்சூழ் நிலமெங்கும் என் ஆணை பரவியது, ஊர் திரும்பினேன், நாற்றிசையையும் காக்கும் வீரர்களை எங்கே பெறுவேன்? சிறுவர்கள் திரும்பப் பாட, எழுந்து ஆடினார், கண்ணீர் வழிந்தோடியது.

மூன்றாம் அடியைத் தள்ளி வைத்துவிட்டு முதலிரண்டை மட்டும் படித்தால் இது வெற்றிப்பாட்டு. ஆனால் அந்தக் கேள்வியை அவர் எந்த ஆண்டில் கேட்கிறார் என்று பாருங்கள். காய்சியாவில் சியாங் யூவை வளைத்த தளபதி ஹான் சின், அதற்கு முந்தைய ஆண்டுதான் அரண்மனைக்குள் அழைத்துவரப்பட்டு, லியூ பாங்கின் மனைவியான பேரரசி லூவின் ஆணையால் கொல்லப்பட்டிருந்தார். பெங் யுவே என்ற மற்றொரு தளபதியும் அதே ஆண்டில் முடிக்கப்பட்டார். மூன்றாமவரான யிங் பு, அடுத்தது தாம்தான் என்று அஞ்சியே கிளர்ந்தார். ஆக, நாட்டைக் காக்க வல்ல வீரர்கள் எங்கே என்று கேட்பவரே அவர்களைத் தீர்த்துக்கட்டியவர். இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, வடக்கே சியோங்னு நாடோடிகள் அவரை ஏழு நாள் முற்றுகையிட்டு அவமானப்படுத்தியிருந்ததால் எல்லை பற்றிய கவலையும் வெறும் பேச்சன்று.

யிங் பு போரில் அவர் உடலில் தைத்த அம்பின் புண் ஆறவில்லை. மூன்று அடி வாளோடு நாட்டைப் பிடித்தவன் நான், என் உயிர் வானத்தின் கையில் என்று சொல்லி, மருத்துவருக்குப் பொன் கொடுத்து அனுப்பிவிட்டார். அதே ஆண்டில் இறந்தார். பெய் ஊருக்கு மட்டும் அந்தப் பாட்டால் நிலையான நன்மை ஒன்று விளைந்தது: வரியிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் ஊர் விடுவிக்கப்பட்டது.

கேள்வி: சின் பேரரசை நிறுவிய சின் ஷி ஹுவாங் எல்லாக் கவிதைகளையும் எரித்துவிட்டார் என்பது சரியா?
(பள்ளி ஆசிரியர், திருச்சி)

முழுக்கச் சரியன்று. கி.மு. 213-இல் அமைச்சர் லி சு பரிந்துரைத்த ஆணைப்படி, பழைய பாடல் தொகையும் பழைய அரச ஆவணங்களும் பல்வேறு சிந்தனையாளர்களின் நூல்களும் தனியார் கையில் இருக்கக் கூடாது. அரசவை அறிஞர்களிடம் இருந்த படிகளுக்கு விலக்கு உண்டு. மருத்துவம், குறி பார்த்தல், உழவு பற்றிய நூல்கள் தடைக்கு உட்படவில்லை. அரசிடம் இருந்தவற்றுக்கு ஊறு நேர்ந்தது கி.மு. 206-இல், சியாங் யூ தலைநகரின் அரண்மனைகளுக்குத் தீ வைத்தபோதுதான் என்று கருதுவோர் பலர். அத்தீ மூன்று மாதம் அணையவில்லை என்று வரலாறு கூறுகிறது. பாடல் தொகை மட்டும் ஏறக்குறைய முழுமையாகப் பிழைத்தது. மூங்கில் பட்டையிலும் பட்டிலும் மட்டும் இல்லாமல் மனப்பாடமாக மக்கள் வாயில் இருந்ததே அதற்குக் காரணம் என்று ஹான் வரலாறு வெளிப்படையாகச் சொல்கிறது.

கேள்வி: சீமா சியன் தோற்றவர்கள் பக்கம் சாய்கிறார் என்று தோன்றுகிறது. அவருடைய சொந்த வாழ்க்கை இதற்குக் காரணமா?
(வாசகர், கோவை)

காரணங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். கி.மு. 99-இல், பேரரசர் வூவின் காலத்தில், லி லிங் என்னும் தளபதி 5,000 காலாட்படையினருடன் சியோங்னு நிலத்துக்குள் சென்று, பன்மடங்கு பெரிய குதிரைப்படையால் சூழப்பட்டார். துணைப்படை வரவில்லை; அம்புகள் தீர்ந்தன; எல்லையை நெருங்கிய நிலையில் சரணடைந்தார். நேற்றுவரை வாழ்த்திய அவையோர் மறுநாள் வசைபாடத் தொடங்கியபோது, கருத்துக் கேட்கப்பட்ட சீமா சியன் லி லிங்கின் தரப்பை எடுத்துரைத்தார். பேரரசரின் உறவினரான மற்றொரு தளபதியைக் குத்திக்காட்டுவதாக அது பொருள்கொள்ளப்பட்டு, அவருக்கு ஆண்மை நீக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. பணம் கட்டி மீளச் சட்டத்தில் வழியுண்டு. அவர் வீட்டில் அவ்வளவு பணம் இல்லை, நண்பர்களும் முன்வரவில்லை. தற்கொலை செய்துகொள்வதே மானமுள்ளோர் வழி எனக் கருதப்பட்ட சமூகத்தில், தொடங்கிய நூல் முடியவில்லை என்பதற்காகவே உயிரோடிருந்தார்.

லி லிங்கின் கதையில் ஒரு பாட்டும் உண்டு. அதே பேரரசரின் தூதராகச் சென்று பிடிபட்ட சு வூ, பணிய மறுத்து ஆடு மேய்த்துக் கிடந்து, 19 ஆண்டுகளுக்குப் பின் கி.மு. 81-இல் விடுவிக்கப்பட்டார். வழியனுப்ப வந்த லி லிங் எழுந்து ஆடிப் பாடினார்: பதினாயிரம் லி (சீனத் தொலைவு அளவு) நடந்து பாலைவனம் கடந்தேன், மன்னருக்குத் தளபதியாக நின்று சியோங்னுவோடு பொருதேன், வழி அடைபட்டது, வாளும் அம்பும் முறிந்தன, படை அழிந்தது, என் பெயரும் கெட்டது, முதிய தாய் இறந்துவிட்டாள், நன்றிக்கடன் தீர்க்க நினைத்தாலும் எங்கே திரும்புவேன்? தாய் தானாக இறக்கவில்லை. லி லிங் பகைவருக்குப் படைப்பயிற்சி அளிக்கிறார் என்ற பொய்ச் செய்தியை நம்பி, பேரரசர் அவர் குடும்பத்தையே கொன்றிருந்தார். பாட்டில் அந்தச் செய்தி ஒரே அடியில், யார் மீதும் குற்றம் சுமத்தாமல் வந்துபோகிறது. இவ்விருவர் பெயரால் வழங்கும் வேறு பிரிவுக் கவிதைகள் பிற்காலத்தவை என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு; அவற்றை இந்தப் பாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: மன்னரும் தளபதியும் பாடியது இருக்கட்டும். செத்த சாதாரணப் படைவீரன் பாடியது எதுவும் கிடைக்கவில்லையா?
(வாசகர், சிவகாசி)

படைவீரனே எழுதியது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இல்லை. அவன் குரலில் அமைந்தவை உண்டு. ஹான் அரசில் இசைத்துறை ஒன்று இருந்தது. பேரரசர் வூ அதனைப் பெரிதாக்கி, பல வட்டாரங்களின் பாட்டுகளைத் திரட்டச் செய்தார். கி.மு. 7-இல் பேரரசர் ஐ அதைக் கலைத்தபோது அங்கே 829 பேர் வேலையில் இருந்தனர். 441 பேர் நீக்கப்பட்டனர். ஆசிரியர் பெயரற்ற ஹான் காலப் பாட்டுகளுக்கு அந்தத் துறையின் பெயரே பின்னர் வகைப்பெயராக நிலைத்தது. அவை அனைத்தையும் அத்துறையே திரட்டியது என்று கொள்வது மிகை.

அவற்றுள் ஒன்றை இங்கே சற்று நின்று பார்க்கலாம். "நகருக்குத் தெற்கே போரிட்டோம், மதிலுக்கு வடக்கே மாண்டோம்" என்று தொடங்குகிறது. பேசுகிறவன் பிணம். காட்டில் புதைக்கப்படாமல் கிடக்கிறோம், காக்கைகளுக்கு இரையாகலாம் என்கிறான். பிறகு வேறொருவரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: "எனக்காகக் காக்கையிடம் சொல், அயலூரில் வந்து செத்த எங்களுக்காக முதலில் கொஞ்சம் ஓலமிடட்டும். எங்களை யாரும் புதைக்கப் போவதில்லை. அழுகும் இந்தச் சதை உன்னிடமிருந்து எங்கே தப்பி ஓடிவிடப் போகிறது?" ஒப்பாரி வைக்க உறவினர் இல்லாத இடத்தில், தின்ன வந்த பறவையிடமே ஒப்பாரியைக் கேட்டுப் பேரம் பேசும் இந்தத் துணிச்சல், மன்னர்களின் பாட்டுகள் எதிலும் இல்லை. தொடர்ந்து, தினை அறுவடை ஆகாவிட்டால் மன்னா நீ என்ன உண்பாய் என்றும், காலையில் போருக்குப் போனார்கள், மாலையில் திரும்பவில்லை என்றும் பாட்டு செல்கிறது. இது எந்தத் தொகுதியில் நமக்குக் கிடைத்தது தெரியுமா? படை வாத்தியங்களோடு பாடப்பட்ட 18 பாடல்களின் தொகுதியில்! போருக்கு ஊக்கமூட்டும் இசைக்கு நடுவே இது எப்படி இடம்பிடித்தது என்பது வியப்புக்குரியது.

மற்றொரு பாட்டில் பதினைந்து வயதில் படைக்குப் போனவன் எண்பதில் ஊர் திரும்புகிறான். அந்தக் கணக்கைச் சட்டநூலோடு ஒப்பிட வேண்டாம். வழியில் கண்ட ஊர்க்காரனிடம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க, அவன் மரங்கள் அடர்ந்த கல்லறைகளைச் சுட்டிக்காட்டுகிறான். நாய் நுழையும் பொந்தில் முயல் நுழைகிறது. உத்தரத்திலிருந்து காட்டுக்கோழி பறக்கிறது. முற்றத்தில் தானாக முளைத்த தானியத்தைக் குத்திச் சோறாக்கி, கிணற்றோரக் கீரையைப் பறித்துக் குழம்பு வைக்கிறான். ஆக்கிய பின்புதான் யாருக்குப் பரிமாறுவது என்ற கேள்வி வருகிறது.

கேள்வி: போருக்காக மணம்செய்து கொடுக்கப்பட்ட இளவரசிகளுள் எவரேனும் பாடியிருக்கிறார்களா?
(வாசகி, ஈரோடு)

சிஜுன் இளவரசி. சியோங்னுவை மேற்கிலிருந்து நெருக்குவதற்காக வூசுன் என்னும் குதிரை வளர்க்கும் மக்களோடு உறவு தேவைப்பட்டதால், ஏறத்தாழ கி.மு. 105-இல் பேரரசர் வூ தம் உறவினரான இவரை வூசுன் மன்னருக்கு மணமுடித்து அனுப்பினார். மன்னர் முதியவர், ஆண்டுக்கு ஓரிரு முறைதான் சந்திப்பு, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. "வீட்டார் என்னை வானின் மறுகோடியில் மணமுடித்தனர், கூடாரமே வீடு, கம்பளமே சுவர், இறைச்சி உணவு, பாலே பானம், ஊரை நினைத்து நெஞ்சு புண்ணாகிறது, மஞ்சள் அன்னமாகி ஊர் திரும்ப விரும்புகிறேன்" என்பது பாட்டு.

இந்தப் பாட்டு பேரரசரின் காதுக்குப் போயிற்று. அவர் இரங்கினார், ஓராண்டு விட்டு ஓராண்டு திரைச்சீலைகளும் பூவேலைப் பட்டும் அனுப்பி வைத்தார். பின்னர் அந்த முதிய மன்னர், தம் பேரனுக்கு இவரை மணமுடிக்க விரும்பினார். சிஜுன் மறுத்துப் பேரரசருக்கு முறையிட்டார். அந்நாட்டு வழக்கத்தைப் பின்பற்று, வூசுனோடு சேர்ந்து சியோங்னுவை அழிக்க விரும்புகிறேன் என்று விடை வந்தது. பாட்டுக்குப் பட்டுத்துணி கிடைத்தது, ஆணை மாறவில்லை. பேரரசர் வூ தாமே நல்ல கவிஞர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: சாவ் சாவ் கொடுங்கோலர் என்கிறார்கள், பெருங்கவிஞர் என்றும் சொல்கிறார்கள். நீங்கள் எதை ஒப்புக்கொள்கிறீர்கள்?
(வாசகர், சென்னை)

இரண்டையும். ஹான் பேரரசின் கடைசிக் கால் நூற்றாண்டில் பேரரசரைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு வடசீனத்தை ஆண்ட சாவ் சாவ் (155–220), கி.பி. 200-இல் குவாண்டு என்ற இடத்தில் தம்மைவிடப் பெரிய யுவான் ஷாவின் படையை, அதன் உணவுக் கிடங்கை எரித்து முறியடித்தவர். 208-இல் செம்பாறைப் போரில் தெற்குப் படைகளிடம் தோற்றவர். பழைய நாட்டுப்புறப் பாட்டுகளின் வடிவத்தை எடுத்துத் தம் காலத்து நிகழ்ச்சிகளை அதில் பாடியதுதான் அவருடைய புதுமை. கொடுங்கோலன் டோங் ஜுவோவுக்கு எதிராகக் கூடிய தலைவர்கள் தங்களுக்குள் பதவிக்கு அடித்துக்கொண்டதைச் சொல்லிவிட்டு, அவர் எழுதுகிறார்: கவசங்களில் பேன் பிடித்தது, மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர், வெண்ணெலும்புகள் வெளியில் கிடக்கின்றன, ஆயிரம் லி தொலைவுக்குச் சேவல் கூவவில்லை, நூற்றில் ஒருவரே மிஞ்சினர், நினைத்தால் குடல் அறுந்துபோகிறது.

போரை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன அரசர் எவரும் அதுவரை இல்லை. ஆயினும் அந்தப் பாட்டில் 197-இல் நடந்த செய்தியும் வருவதால், அது அதற்குப் பின் எழுதப்பட்டதே. 193-இல், தம் தந்தையின் கொலைக்குப் பழிவாங்குவதாகச் சொல்லிச் சூஜோ வட்டாரத்தின் மேல் படையெடுத்து, பிணங்களால் சி ஆறு அடைபட்டு ஓடாமல் நின்றது என்று வரலாறு எழுதும் அளவுக்குக் கொன்று குவித்தவரும் இவரே. சேவல் கூவாத ஊர்களில் சில இவர் படை கடந்துசென்ற ஊர்கள். பாட்டில் குற்றவாளிகள் பிறர். பாட்டின் துயரம் பொய் என்று நாம் கருதவில்லை. பட்டியல் முழுமையானதன்று என்கிறோம்.

எழுத்தின் மீது அவருக்கு இருந்த மதிப்பு மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. யுவான் ஷாவிடம் எழுத்தராக இருந்த சென் லின், சாவ் சாவை மட்டுமன்றி அவர் தந்தையையும், அரண்மனை அலியாயிருந்த பாட்டனாரையும் சேர்த்து இழித்து ஓர் அறிக்கை எழுதியிருந்தார். யுவான் தரப்பு வீழ்ந்து சென் லின் கையில் அகப்பட்டபோது, "என்னைத் திட்டியது சரி, என் அப்பனையும் பாட்டனையும் ஏன் இழுத்தாய்?" என்று கேட்ட சாவ் சாவ், அவரைத் தண்டிக்காமல் தம்மிடமே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். இப்படித் திரண்ட கவிஞர் குழுவில் முதலிடம் வாங் சானுக்கு உரியது. சாங்ஆன் நகரை விட்டு அகதியாக ஓடும் வழியில் அவர் கண்ட காட்சி, தம் குழந்தையைப் புல்லில் போட்டுவிட்டுப் போகும் பட்டினிப் பெண். குழந்தை அழும் ஒலி கேட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்; கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறாள்; திரும்பி வரவில்லை. நானே எங்கே சாவேனென்று தெரியாதபோது இருவரும் எப்படிப் பிழைப்பது என்கிறாள். கேட்கப் பொறுக்காமல் கவிஞர் குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். சாவ் சாவின் பாட்டில் ஆயிரம் லி பரப்பில் எலும்புகள் கிடக்கின்றன. இங்கே ஒரு குழந்தைதான் கிடக்கிறது. நம் தேர்வு வாங் சான்.

கேள்வி: அண்ணனின் மிரட்டலால் ஏழு அடி எடுத்துவைப்பதற்குள் சாவ் ஜி பாடிய அவரைக்கொடிப் பாட்டு உண்மையா?
(கல்லூரி மாணவி, மதுரை)

சாவ் சாவுக்குப் பின் 220-இல் ஹான் அரியணையை நேரடியாகவே பறித்துக்கொண்டவர், உயிரோடிருந்த மகன்களில் மூத்தவரான சாவ் பி. அவர் தம்பி சாவ் ஜியை ஏழு அடி நடப்பதற்குள் பாடு, இல்லையேல் மரணம் என்று மிரட்டியதாகவும், ஒரே வேரில் பிறந்த அவரைக்கொடியே அடுப்பில் எரிந்து அவரையை வேகவைப்பதாகத் தம்பி பாடியதாகவும் கதை. இது இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஐந்தாம் நூற்றாண்டுத் துணுக்குத் தொகுப்பு ஒன்றில்தான் முதலில் காணப்படுகிறது. சென் ஷோ எழுதிய மூவரசு வரலாற்றில் இல்லை. பாட்டுக்கு நான்கு வரி, ஆறு வரி என இரு வடிவங்கள் உலவுவதும் ஐயத்தைக் கூட்டுகிறது.

அண்ணன் தம்பியரை ஒடுக்கினார் என்பதற்கு இந்தக் கதை தேவையும் இல்லை. 223-இல் சாவ் ஜியும் உடன்பிறந்தோர் இருவரும் தலைநகர் லுவோயாங்குக்கு அழைக்கப்பட்டனர். அவர்களில் சாவ் ஜாங் அங்கேயே இறந்துபோனார். எஞ்சிய இருவரும் ஒரே சாலையில் ஊர் திரும்பும்போது, சேர்ந்து பயணம் செய்யவும் சேர்ந்து தங்கவும் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தனர். பிரியும் இடத்தில், சினத்தோடு, சாவ் ஜி தம் சகோதரர் சாவ் பியாவுக்கு எழுதிக் கொடுத்த நெடுங்கவிதை நம்மிடம் உள்ளது. வண்டி நுகத்தில் ஆந்தை அலறுகிறது, வழியில் ஓநாய் நிற்கிறது, ஈக்கள் வெள்ளையைக் கறுப்பாக்குகின்றன என்று கோள்சொல்லிகளைச் சாடும் அந்தக் கவிதையில், அரியணையில் இருந்த அண்ணனைப் பற்றி நேரடியான வசை ஒன்றுகூட இல்லை. எழுதியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது.